கண் திறந்த தண்டல்

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டு, இன்னொருவர் ஊதிப் பெரிதாக்கிய சங்கதி இல்லை. நடந்த இடம் பினாங்கு, ஜார்ஜ் டவுன், குயின் ஸ்திரீட். இதை அனுபவித்தவன் இன்றைக்கும் அதே தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறான். ஆனால் அந்த ஒரு வீட்டுக்கு முன்னால் வரும்போது மட்டும் தலையைத் தூக்க மாட்டான். வீட்டின் பெயரை எழுதவில்லை. இப்போது அது ஹோட்டல். பிழைக்க வந்தவர்களைக் கெடுப்பானேன்?

அவன் பெயர் தனேஷ். சுங்கை பாக்காப் பக்கத்துப் பையன். கோயில் கும்பாபிஷேக வேலைக்கு இந்தியாவிலிருந்து வரும் சிற்பிகளோடு கோபுரத்துக்குக் கோபுரம் ஏறி இறங்கி, சுண்ணாம்பில் உருவம் செய்யும் சுதை வேலையைக் கற்றுக்கொண்டவன். யாளி, பூதம், துவாரபாலகர் என்று எது சொன்னாலும் செய்வான். கல்யாணத்துக்குப் பிறகு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குத்தகைக்காரர் ஜெயராஜிடம் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்த வீடு மூன்று மாடி. முகப்பின் உச்சியில் ஒரு மாடம். மாடத்துக்குள் மார்பளவுச் சிலை. தலைப்பாகை, முறுக்கு மீசை, கழுத்து மூடிய கோட்டு. கீழே சலவைக்கல் பலகையில், 'தண்டல் விஸ்வலிங்கம். ஏழைகளுக்குத் தகப்பன்' என்று வெட்டியிருந்தது. தண்டல் என்றால் துறைமுகத்தில் சரக்குப் படகுகளில் வேலை பார்த்த ஆட்களுக்கெல்லாம் தலைவன். வெள்ளைக்காரன் காலத்து ஆள். வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

சிலை பாசி பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. சாரம் கட்டி, கயிறு போட்டு, கீழே இறக்கி, முன்கூடத்தில் ஒரு மரமேசை மேல் வைத்தார்கள். தனேஷ் சுரண்ட ஆரம்பித்தான். வெள்ளை, மஞ்சள், பச்சை, மறுபடி வெள்ளை என்று எத்தனையோ பூச்சு உரிந்து வந்தது. உள்ளே இருந்த முகம் நன்றாகவே இருந்தது. இரண்டு குறைகள்தான். இடது காதின் மேல்விளிம்பில் ஒரு துண்டு இல்லை, பல்லால் கடித்து எடுத்த மாதிரி. இன்னொன்று, கண்கள். கருவிழி இல்லாமல் வழவழவென்று முட்டை போல இருந்தன.

சாரம் கட்டுகிற ஃபிக்ரி வந்து பார்த்துவிட்டு, "அபாங், இவர் யாரையும் பார்க்க விரும்பல போல" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். அபாங் என்றால் அண்ணன்.

வேலை அந்த அளவில் முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹோட்டலின் மேனேஜராக வரப்போகிற நூர் ஃபாத்திஹா ஒரு நாள் பார்வையிட வந்தாள். சிலையைச் சுற்றி வந்தாள். கைபேசியில் படம் எடுத்தாள். எடுத்த படத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கண்ணு வேணும். இப்படிப் பார்த்தா ஹந்து மாதிரி இருக்காரு. கெஸ்ட் எல்லாம் பயந்து ஓடிடுவாங்க."

ஹந்து என்றால் பேய். தனேஷுக்குச் சிரிப்பு வந்தது. அவள் போனதும் ஜெயராஜிடம் கேட்டான்.

"அண்ணே, பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்னு நீங்கதானே பாடம் எடுப்பீங்க?"

"எடுப்பேன். ஆனா அந்த அம்மா கண்ணு கேக்குறாங்க. குடுத்துடு லா தம்பி. உனக்கு என்ன புதுசா? முருகனுக்கே கண்ணு வச்சவன் நீ."

அதுதான் தனேஷுக்கு உறுத்தியது. முருகனுக்குக் கண் வைத்தவன் என்பதால்தான் அவனுக்கு முறை தெரியும். உருவம் முழுதும் முடிந்த பிறகுதான் கண். கண் திறக்கும்போது எதிரே ஆள் நிற்கக்கூடாது. சிற்பியே பக்கவாட்டில் நின்றுதான் கீறுவான். எதிரே ஒரு கண்ணாடி வைப்பார்கள். புதிதாகத் திறந்த கண்ணின் முதல் பார்வை பொல்லாதது, அதைக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும் என்பார்கள்.

'மோட்டாரில் இருக்கிற கண்ணாடியைக் கழற்றி வைக்கலாமா' என்று ஒரு கணம் நினைத்தான். ஸ்பேனர் மேல்மாடியில் இருந்தது. ஏறி இறங்க அலுப்பாக இருந்தது.

'சாமியா இது? செத்துப்போன தண்டல்தானே.'

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவன் மனைவி பிரஷாந்தி அப்போது ஏழு மாதம். அந்தப் பழைய வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் நகைக்கடையில் வேலை. அதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டும் கலைந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, "இனிமே என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், ஒரு வாரம் பேசவில்லை. இந்த மூன்றாவதுதான் அவர்களுக்குக் கடைசி நம்பிக்கை.

அதனால் ஜெலுத்தோங்கில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டில் தனேஷ் ஒரு ஆணி அடிப்பதில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டில் அடிப்பது, அறுப்பது, துளைப்பது, ஒட்டுவது எதுவும் ஆகாது. செய்தால் அது பிள்ளையின் உடம்பில் தெரியும். எதிர்வீட்டுச் சீனத்து ஆச்சியும் இதையே சொன்னாள். ஃபிக்ரியும் இதையே சொன்னான். பினாங்கில் மூன்று இனமும் ஒத்துப்போகிற விஷயம் சாப்பாட்டை விட்டால் இதுதான். திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் கழன்று மாதக்கணக்காகத் தொங்கியது. தனேஷ் தொடவில்லை.

ஆனால் அது வீட்டில். வேலை இடத்தில் அடிக்காமல் எப்படி?

அன்று மதியம். வெயில் கொளுத்தியது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். தனேஷ் சிலைக்குப் பக்கவாட்டில் நின்று, முதலில் வலது கண்ணைக் கீறினான். சின்ன வட்டம். நடுவில் ஒரு குழி. சுலபமாக முடிந்தது.

இடது கண்ணில் உளியை வைத்தான். மெல்லத் தட்டினான்.

டக்.

ஒரு வில்லை அப்படியே கழன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தான். சாம்பல் நிறச் சுண்ணாம்பு. சிலையின் சுண்ணாம்பு வேறு, இது வேறு. யாரோ பிறகு அடைத்தது.

குனிந்து கண்ணுக்குள் பார்த்தான்.

கருவிழி ஏற்கெனவே இருந்தது. ஆழமாக, அழகாக, தேர்ந்த கையால் செதுக்கியது.

யாரோ முன்னமே இந்தக் கண்ணைத் திறந்திருக்கிறான். திறந்த பிறகு அடைத்திருக்கிறான். வலது கண்ணை அவன் தொடவே இல்லை.

எவனோ அரைகுறை வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டான் தனேஷ். குழியில் தூசி நிறைந்திருந்தது. வாயைக் குவித்து, இரண்டு கண்ணிலும் 'ஃபூ...' என்று ஊதினான்.

"ஏங்க!"

நிமிர்ந்தான். பிரஷாந்தி. ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், ஒரு கை இடுப்பில். வாசலிலிருந்து நேராக நடந்து வந்து, சிலைக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

"யாருங்க இவரு? என்னை இப்படிப் பார்க்கிறாரு... பொண்ணு பார்க்க வந்த மாதிரி?"

சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கை வயிற்றுக்குப் போனது.

"அம்மாடி! என்னா உதை!"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்க பிள்ளை தாத்தாவுக்கு வணக்கம் சொல்றான்."

இருவரும் சிரித்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அன்று மாலை தனேஷ் சிலையின் இடது காதை அடைத்தான். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, விளிம்பு தெரியாமல் தேய்த்து, ஈரத்துணி போட்டு மூடினான். காலையில் வந்து துணியை விலக்கினான். காதில் வைத்த துண்டு தரையில் கிடந்தது. நொறுங்கவில்லை. முழுசாக, வெட்டிப்போட்ட நகம் மாதிரி.

மறுபடி அடைத்தான். மறுபடி விழுந்தது. சுண்ணாம்பை மாற்றினான். கம்பி வைத்து அடைத்தான். கம்பியோடு விழுந்தது.

"என்ன தம்பி, கை போயிடுச்சா? கோபுர வேலைக்காரன் ஒரு காதோட மல்லுக்கட்டுறே" என்றார் ஜெயராஜ்.

"பிடிக்க மாட்டேங்குது அண்ணே. தள்ளி விடுற மாதிரி..."

"சரி, விடு. மேல இருக்கிற காதை எவன் எண்ணப்போறான்?"

விட்டுவிட்டான். காதை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முகம். வேலை முடிந்து போகும்போது தனேஷ் சிலையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. காலையில் வந்தால் அது வாசலைப் பார்த்து இருக்கும்.

"ஃபிக்ரி, நீ திருப்பினியா?"

"நானா? அதைத் திருப்ப மூணு பேர் வேணும், அபாங்."

உண்மைதான். அவனும் ஃபிக்ரியும் இன்னொருவனும் சேர்ந்துதான் ஒவ்வொரு மாலையும் திருப்பினார்கள்.

வீட்டில் பிரஷாந்தி வேறொன்று சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"உங்க பிள்ளைக்கு நம்ம வீடு பிடிக்கல தெரியுமா? இங்க இருக்கிற வரைக்கும் கல்லு மாதிரி கிடக்கிறான். காலையில பஸ் கடைத்தெருவுக்குள்ள திரும்பின உடனே ஒரே ஆட்டம். சாயந்திரம் பஸ் ஏறினா அடங்கிடுறான்."

"நகைக்கடைன்னா உன்னை மாதிரியே அவனுக்கும் பிடிக்குது போல."

"கடையில இல்லங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க வேலை இடத்தைத் தாண்டும்போது."

தனேஷ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

சிலையை மாடத்தில் ஏற்றினார்கள். ஏற்றிய இரண்டாம் நாள் பிரஷாந்திக்குக் கால் வீங்கியது. கடைக்கு லீவு போட்டு வீட்டில் படுத்தாள். அன்று முழுக்க வயிற்றில் அசைவே இல்லை. மறுநாள் காலையும் இல்லை.

கிளினிக்குக்கு ஓடினார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, இதயத்துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது. ஆனால் இறங்கி இறங்கி ஏறியது.

"இன்னைக்கு இங்கேயே இருக்கட்டும். இன்னும் இறங்கினா உடனே ஆபரேஷன். ஏழு மாசம்தான். சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

தனேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கு, பிரஷா."

"முடியலங்க. கண்ணை மூடினா அந்தத் தாத்தா நிக்கிறாரு."

"எந்தத் தாத்தா?"

"உங்க தாத்தா. தலைப்பாகை கட்டினவரு. ஒண்ணும் செய்யல. சும்மா... என் வயித்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு."

தனேஷ் அவள் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கண்ணாடி வைக்காமல் திறந்த கண். அதற்கு நேர் எதிரே நின்றவள் இவள். முதல் பார்வையை வாங்கிக்கொண்டது... இவள் வயிறு.

அந்தச் சாம்பல் நிற வில்லை நினைவுக்கு வந்தது. முன்னே ஒருவன் அதை அரைகுறையாக விடவில்லை. தெரிந்துதான் அடைத்திருக்கிறான்.

"துணிமணி எடுத்துக்கிட்டு வந்துடுறேன்" என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் சாரத்தைப் பிரிக்கப் போகிறார்கள். பிரித்துவிட்டால் மாடத்துக்கு ஏற வழி இல்லை. இன்றைக்கு விட்டால் இல்லை.

அவன் குயின் ஸ்திரீட்டுக்கு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. சாரத்தின் அடியில் ஃபிக்ரி கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தனேஷ் ஒரு சட்டியில் சுண்ணாம்பைக் குழைப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அபாங், இப்பவா? பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகை நேரம் ஆகப் போகுது."

"ரெண்டு நிமிஷ வேலை."

"மழை. வழுக்கும். நாளைக்கு நானே நிறுத்தி வைக்கிறேன், சாரத்தைப் பிரிக்கல. மக்ரிப் நேரத்துல மேல போகாதீங்க. சொன்னா கேளுங்க."

தனேஷ் சட்டியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினான்.

முதல் தட்டு. இரண்டாம் தட்டு. மழைநீர் பலகை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே நகைக்கடைகளின் விளக்குகள் எரிந்தன. எங்கோ சினிமாப் பாட்டு. தூரத்து மசூதியில் பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது.

மூன்றாம் தட்டில் கால் வைத்தான்.

மாடம் அவன் கண் மட்டத்தில் இருந்தது. சிலையைத் தெருவைப் பார்த்துத்தான் பதித்திருந்தார்கள். அவனே காரை பூசிப் பதித்தவன்.

இப்போது அது தெருவைப் பார்க்கவில்லை.

முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது. அடியில் பூசிய காரையில் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான்.

தனேஷ் கையில் சுண்ணாம்பை அள்ளினான். மழை அடித்துச் சிலை முழுக்க நனைந்திருந்தது. கண் இரண்டு மட்டும்... காய்ந்து இருந்தன.

கைபேசி அடித்தது. திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிரஷாந்தி. ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஏங்க! அசையறான்! இப்பத்தான்... நல்லா அசையறான்!"

அவள் குரலுக்குப் பின்னால் அந்தக் கருவியின் சத்தம் கேட்டது. பிள்ளையின் துடிப்பு.

டுக்டுக்டுக்டுக்டுக்...

ஓடுகிற குதிரை மாதிரி.

"கேக்குதா? நர்ஸும் சொன்னாங்க, இப்ப நல்லா இருக்காம். எங்க இருக்கீங்க? மழைச் சத்தம் கேக்குது..."

"வந்துடுறேன். போனை வைக்காதே. அப்படியே வச்சிரு."

தனேஷ் மூச்சை இழுத்துக்கொண்டான். சுண்ணாம்பை இடது கண்ணில் வைத்து அழுத்தினான்.

இறுகிய சுதையில் வைத்த மாதிரி இல்லை.

உள்ளே ஏதோ... கொஞ்சம் கொடுத்தது. இமைக்குக் கீழே விழி நகருமே, அப்படி.

டுக்டுக்... டுக்... டுக்...

"ஏங்க..."

கட்டைவிரலால் இன்னும் அழுத்தினான். இடது கண் மூடிப்போனது.

டுக்...

...

டுக்...

"ஏங்க, நின்னுடுச்சு... சத்தம் நின்னுடுச்சுங்க... மிஸ்ஸி! நர்ஸ்!"

கைபேசியில் ஓடுகிற காலடிகள். யாரோ மலாயில் டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஏதோ உலோகத் தட்டு விழுந்தது. பிரஷாந்தி கத்திக்கொண்டிருந்தாள். கருவியிலிருந்து சத்தமே இல்லை.

தனேஷ் சிலையைப் பார்த்தான்.

திறந்திருந்த வலது கண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. கடைக்காரர் பொருளை எடுத்து வைத்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று காத்திருப்பாரே... அந்தப் பொறுமை.

"ஏங்க... இதுவும் போகுதுங்க..."

அவன் நகத்தால் தோண்டினான். உளி இல்லை, கரண்டி இல்லை. பத்து விரலாலும் தோண்டினான். நகம் கிழிந்தது. சுண்ணாம்பு எரிந்தது. மழைநீரைக் கையில் ஏந்திக் கண்ணைக் கழுவினான். குழியில் ஒரு துளி மிஞ்சாமல் கழுவினான்.

"எடுத்துக்கோ" என்று சொன்னானாம். யாரிடம், எதை என்று அவனுக்கே தெரியாது. "எடுத்துக்கோ. உயிரோட விடு."

மழை.

பாங்கு முடிந்திருந்தது.

டுக்.

டுக்... டுக்...

டுக்டுக்டுக்டுக்டுக்...

"வந்துடுச்சு!" பிரஷாந்தி அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துடுச்சுங்க!"

தனேஷ் சாரத்தில் உட்கார்ந்துவிட்டான். கீழேயிருந்து ஃபிக்ரி ஏறி வந்து அவனைக் கையைப் பிடித்து இறக்கினான். மறுநாள் காலை சாரத்தைப் பிரித்தபோது சிலை நேராகத் தெருவைப் பார்த்து இருந்ததாக அவன் பிறகு சொன்னான்.

முன்னே ஒருவன் இதே இடது கண்ணை அடைத்தானே. அடைத்தவன் திரும்பத் தோண்டவில்லை. அவன் வீட்டில் அன்றைக்கு எது நின்றுபோனதோ... தனேஷ் அதைப் பற்றி மட்டும் நினைப்பதில்லை.

பிள்ளை நாள் தவறாமல் பிறந்தது. ஆண். எடை சரி. அழுகை சரி. துணியில் சுற்றி எடுத்துவந்த நர்ஸ், "இடது காதுல மட்டும் சின்னதா ஒரு பள்ளம். பயப்படாதீங்க, பெரியவனானா தைச்சுக்கலாம்" என்றாள்.

துணியை விலக்கிக் காட்டினாள். மேல்விளிம்பு. கடித்து எடுத்த மாதிரி.

பிரஷாந்தி அந்தக் காதுக்கு முத்தம் கொடுத்தாள். "நீங்க வேலையில எதையோ உடைச்சிருக்கீங்க. எல்லாரும் சொன்னாங்கல்ல?" என்று அவனைச் செல்லமாகத் திட்டினாள். தனேஷ் சிரிக்க முயன்றான்.

நாற்பது நாள் தீட்டுக் கழிந்த மறுவாரம் ஹோட்டல் திறப்பு விழா. பகல் விருந்து. வேலை செய்தவர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். தனேஷ் போகவேண்டாம் என்றுதான் இருந்தான். பிரஷாந்தி கேட்கவில்லை. "நீங்க கண்ணு வச்ச வீடு. பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?"

நூர் ஃபாத்திஹா வாசலிலேயே தனேஷைப் பிடித்துக்கொண்டாள். பிரஷாந்தி வாசலுக்கு வெளியே, கட்டடத்தை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க, வாங்க! ஒரு பழைய படம் கிடைச்சுது. உங்களுக்குக் காட்டணும்."

முன்கூடத்தில், சிலை இருந்த அதே இடத்தில், பெரிய சட்டம் போட்ட புகைப்படம். தண்டல் விஸ்வலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை, மீசை, கோட்டு.

இடது காதின் மேல்விளிம்பில் ஒரு துண்டு இல்லை.

"பொறக்கும்போதே அப்படித்தானாம்" என்றாள் அவள். "பாவம், மூணு கல்யாணம் பண்ணியும் பிள்ளை இல்ல. சாகும்போது அழுதாராம். இது என் வீடு, எப்படியும் திரும்பி வருவேன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம். நல்ல கதை இல்ல? மெனு கார்டுல போட்டிருக்கோம்."

தனேஷ் படத்தின் அருகே போய்ப் பார்த்தான். சிலையில் அந்தக் காது உடைந்து போகவில்லை. முதலில் செய்தவன் ஆளைப் பார்த்து, உள்ளபடி செய்திருக்கிறான். அதைத்தான் இவன் அடைக்கப் பார்த்தான். அதனால்தான் அது...

முதுகில் ஒரு தட்டு விழுந்தது. ஜெயராஜ்.

"கெட்டிக்காரன்டா தம்பி! கடைசியில காதை அடைச்சிட்டே பார்த்தியா. இப்பத்தான் கீழேருந்து பார்த்தேன். ஒட்டுன கோடு கூடத் தெரியல லா. எப்ப ஏறிப் பண்ணினே?"

தனேஷ் அவரை விலக்கினான். தெருவுக்கு ஓடி வந்து, கடைசியாக ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான்.

இடது காது முழுசாக இருந்தது.

கண்கள் இருந்தன. அவன் கீறிய வட்டம், குழி, எல்லாம் இருந்தன. ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. வெறும் சுண்ணாம்பு.

"ஏங்க, வெயில்ல ஏன் நிக்கிறீங்க? நாங்க உள்ள போறோம்."

"பிரஷா, வேண்டாம்..."

அவள் படி ஏறிவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, வாசற்படியைத் தாண்டியதும் சட்டென்று அழுகையை நிறுத்தியது.

அவள் தோளில் கிடந்தபடியே தலையை நிமிர்த்தியது. கழுத்து நிற்காத பிள்ளை.

நிதானமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. தூண்களை. மாடிப்படியை. மாற்றிப் போட்டிருந்த தரைக்கல்லை. ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர், தான் இல்லாதபோது வீட்டில் யார் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பாரே...

அப்படி.